இரண்டு அச்சங்கள்: புயல் அடங்கிய நிகழ்ச்சியும் தமிழ்க் கிறித்தவ இலக்கியமும்

முன்னுரை

அச்சம் என்னும் மெய்ப்பாட்டைச் சங்கப் பாடல்களிலும் காப்பியங்களிலும் ஆராய்ந்த கட்டுரைகள் தமிழில் பல உள. தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் அதற்குரிய இடம் யாது என்ற வினா அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. கிறித்தவப் படைப்புகளை ஆராய்வோர் பத்தியையும் நம்பிக்கையையும் விரிவாகப் பேசுகின்றனர். அச்சத்தை அந்நம்பிக்கை வந்ததும் நீங்கிவிடும் ஒரு குறையாகக் கருதிக் கடந்து செல்கின்றனர். இயேசுவை நம்புவோர்க்கு அச்சம் இல்லை; அச்சம் உள்ளவர்க்கு நம்பிக்கை இல்லை என்ற எளிய வாய்பாடு மறையுரைகளிலிருந்து திறனாய்விற்குள்ளும் புகுந்துவிட்டது எனலாம்.

முதுகலை வகுப்பொன்றில் புயல் அடங்கிய நிகழ்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். “புயல் அடித்தபோது சீடர்கள் அஞ்சியது இயல்பு. புயல் அடங்கிய பிறகு அவர்கள் ஏன் முன்னினும் மிகுதியாக அஞ்சினார்கள்?” என்பது அவ்வினா. மேற்கூறிய வாய்பாட்டைக் கொண்டு இதற்கு விடை கூற இயலவில்லை. ஆபத்து நீங்கிய பின்னும் எஞ்சி நிற்கும் அச்சத்திற்கு அவ்வாய்பாட்டில் இடமில்லை.

நற்செய்தி நூல் காட்டும் இந்த இரண்டாவது அச்சத்தின் இயல்பைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு விளக்குவதும், அதன் வழியே இரட்சணிய யாத்திரிகம், ஆழி சூழ் உலகு ஆகிய இரு படைப்புகளை அணுகுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மாற்கு காட்டும் நிகழ்ச்சி

கலிலேயக் கடல் என வழங்கப்படுவது உண்மையில் ஒரு நன்னீர் ஏரியாகும். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுடைய இவ்வேரி, கடல்மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் கீழே, மேடான நிலங்கள் சூழ அமைந்துள்ளது. மேட்டு நிலத்துக் காற்று திடீரென இறங்கி நீரைக் கொந்தளிக்கச் செய்வது அங்கு இயல்பு. 1986ஆம் ஆண்டு அவ்வேரிக் கரையில் கண்டெடுக்கப்பட்ட, இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டியதாகக் கருதப்படும் படகு ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் அகலமும் உடையது. இத்தகைய சிறு மரக்கலத்தில் மாலைவேளையில் அக்கரை நோக்கிச் செல்லும் பயணமாகவே மாற்கு இந்நிகழ்ச்சியைத் தொடங்குகிறார் (மாற்கு 4:35-41).

சீடருள் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் ஆகிய நால்வரும் அந்நீரில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. எந்தக் காற்று கடக்கக்கூடியது, எந்தக் காற்று கவிழ்க்கக்கூடியது என்பதைத் தொழில் வழியாக அறிந்தவர்கள் அவர்கள். எனவே அவர்களது முதல் அச்சம் பேதைமையால் விளைந்தது எனக் கொள்ள இடமில்லை. நீரை அறிந்தவர்களின் அச்சம் அது. இயேசுவோ படகின் பின்பகுதியில் தலையணைமேல் உறங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்புகின்றனர். அவர்கள் கூறுவது முறையான வேண்டுதலாக அமையவில்லை. தாங்கள் மடிந்துபோவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லையா என்று குறைபட்டுக்கொள்ளும் குரலாகவே அதனை மாற்கு பதிவு செய்கிறார். அக்குரலுக்குப் பிறகே காற்று கடிந்துகொள்ளப்படுகிறது, கடல் அமைதியாகிறது.

இந்நிகழ்ச்சியின் கிரேக்க மூலத்தில் ‘பெரிய’ என்னும் பொருளுடைய ‘மெகாஸ்’ என்ற ஒரே அடைமொழி மூன்று இடங்களில் வருகிறது. முதலில் பெரும்புயல், அடுத்துப் பேரமைதி, இறுதியில் பேரச்சம். நிகழ்ச்சியின் கட்டுக்கோப்பே இம்மூன்று சொற்களில் அடங்கியுள்ளது. புயலுக்குரிய அளவே அமைதிக்கும், அமைதிக்குரிய அளவே அச்சத்திற்கும் தரப்படுகிறது. அமைதி வந்தபின் அச்சம் குறையும் என்று எதிர்பார்க்கும் வாசகரை அந்த மூன்றாவது ‘பெரிய’ நிறுத்தி வைக்கிறது.

பேரச்சம் கொண்டனர் என்னும் தொடரமைப்பு மாற்கு புதிதாகப் படைத்ததன்று. பழைய ஏற்பாட்டின் யோனா நூலில் இதே போன்ற சூழல் உள்ளது. அங்கும் புயல், அங்கும் கப்பலின் அடித்தளத்தில் உறங்கும் ஒருவர், அங்கும் கப்பலோட்டிகளின் அச்சம் படிப்படியாக வளர்கிறது. முதலில் அவர்கள் புயலைக் கண்டு அஞ்சுகின்றனர். யோனா யார் என்பதை அறிந்து மேலும் அஞ்சுகின்றனர். கடல் அடங்கிய பின்னரோ ஆண்டவரையே மிக அஞ்சிப் பலி செலுத்துகின்றனர் (யோனா 1:5, 10, 16). அஞ்சப்படும் பொருள் மாறிக்கொண்டே செல்ல, அச்சம் மட்டும் தொடர்கிறது. இம்மரபையே மாற்கு எடுத்தாள்கிறார் என்பது இரு பகுதிகளையும் ஒப்பிட்டு நோக்குவார்க்குப் புலனாகும்.

மொழிபெயர்ப்பில் கலந்துபோன வேறுபாடு

மாற்கு இரண்டு அச்சங்களுக்கும் இரண்டு வேறு சொற்களைப் பயன்படுத்துகிறார். இயேசு சீடரைக் கடிந்து கேட்கும் வினாவில் இடம்பெறுவது ‘தெய்லோஸ்’ என்ற சொல். கோழைமை, உளந்தளர்தல் என்பன அதன் பொருள்கள். புயல் அடங்கிய பின் சீடரிடம் எழுந்த உணர்விற்கு அவர் ஆள்வது ‘ஃபோபோஸ்’ என்ற சொல். நடுக்கம் முதல் பணிவுகலந்த அச்சம் வரை விரியும் பொருளுடையது அது. இயேசு கடிந்துகொள்வது முதலாவதை மட்டுமே. இரண்டாவதைக் கடிந்ததாக நற்செய்தியில் குறிப்பில்லை. நிகழ்ச்சி அவ்வச்சத்திலும், இவர் யார் என்னும் வியப்பு வினாவிலுமே முடிந்துவிடுகிறது.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் இவ்வேறுபாடு கலந்துபோயிற்று. சீர்திருத்தத் திருச்சபையினர் இன்றளவும் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடங்களிலும் ‘பயம்’ என்பதன் அடியாகப் பிறந்த வினைகளையே ஆள்கிறது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வடசொல்லை விலக்கி ‘அச்சம்’ என்ற தமிழ்ச்சொல்லை மேற்கொண்டது. எனினும் அங்கும் இரண்டு இடங்களுக்கும் அடிச்சொல் ஒன்றே. புயல், அமைதி, அச்சம் ஆகியவற்றிற்குரிய ‘மெகாஸ்’ என்ற ஒரே அடைமொழியையும் பழைய மொழிபெயர்ப்பு பலத்த, மிகுந்த, மிகவும் என மூன்று வகையாகப் பெயர்த்துள்ளது. இதனால் தமிழ் வாசகருக்கு இரண்டு இழப்புகள் நேர்கின்றன. வேறான இரு அச்சங்கள் ஒன்றாகத் தோன்றுகின்றன. ஒன்றான மூன்று அளவுகள் வேறாகத் தோன்றுகின்றன.

மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவது நோக்கமன்று. எளிய மக்களும் படித்துணர வேண்டிய நூலில் வழக்குச் சொல்லை விட்டு விலக அவர்கள் தயங்கியது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் ஒரே சொல்லால் இரண்டையும் பெயர்த்ததன் விளைவு சிறிதன்று. கடியப்பட்டது எந்த அச்சம் என்பது மறைந்துபோகவே, அச்சம் முழுவதும் கடியப்பட்டதாக வாசகர் கொள்ள நேர்ந்தது.

மத்தேயு, லூக்கா ஆகியோரின் பாடங்களையும் இங்கு ஒப்பிடலாம். மத்தேயு இறுதியில் அச்சத்தைக் கூறாது வியப்பை மட்டும் கூறுகிறார் (8:27). லூக்கா அச்சம், வியப்பு இரண்டையும் இணைத்துக் கூறுகிறார் (8:25). மூவரும் ஒரே உணர்வை மூன்று வகையாகச் சொல்ல முயன்றனர் என்று கொள்வதே பொருத்தமாகும். அச்சம் என்றால் வியப்பு விடுபடுகிறது. வியப்பு என்றால் அச்சம் விடுபடுகிறது. இவ்விரண்டும் கலந்த உணர்வைப் பற்றியே செருமானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1917இல் வெளியிட்ட புனிதம் பற்றிய தம் நூலில் விரிவாகப் பேசினார். நடுங்கச் செய்வதும் தன்பால் ஈர்ப்பதுமாகிய மறைபொருள் என அவர் இறைமையை விளக்கினார். தமிழிலோ இதனை ஆராய்வதற்குரிய கருவி அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அமைந்திருந்தது.

மெய்ப்பாட்டியலின் துணை

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளின் வரிசையில் மருட்கையும் அச்சமும் அடுத்தடுத்து நிற்கின்றன. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் மருட்கைக்கு நிலைக்களன்கள். அறிவு நிரம்பி நிற்க மாட்டாத இடத்தில் பிறப்பது அது என்ற குறிப்பும் நூற்பாவில் உண்டு. அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கும் அச்சத்திற்கு நிலைக்களன்கள்.

அச்சத்தின் நான்கு களன்களையும் ஒரே தன்மையின என்று கொள்ள முடியுமா என்பது ஆராயத்தக்கது. அணங்கு, விலங்கு, கள்வர் ஆகிய மூன்றும் ஊறு செய்பவை. அவற்றினின்று ஒருவர் விலகி ஓடவே விரும்புவர். நான்காவதாகிய இறை அத்தகையதன்று. அரசன், தந்தை, ஆசிரியர் போன்றோரை அச்சொல்லால் கொள்ளும் உரைமரபு, அஞ்சுவோர்க்கும் அஞ்சப்படுவோர்க்கும் இடையே ஓர் உறவு உண்டு என்பதை உடன்படுகிறது. விலங்கை அஞ்சுபவர் அதனை விட்டு நீங்கினால் அச்சம் தீர்கிறது. ஆசிரியரை அஞ்சும் மாணவருக்கு நீங்குதல் தீர்வாகாது. அவர் அஞ்சிக்கொண்டே அருகில் இருக்கிறார். இறை என்பதை அணங்கோடும் விலங்கோடும் ஒரே நூற்பாவில் வைத்ததன் மூலம் தொல்காப்பியர், விலகச் செய்யும் அச்சத்தையும் அணுகி நிற்கும் அச்சத்தையும் ஒரு பெயரின்கீழ்க் கொணர்ந்துள்ளார்.

இவ்வடிப்படையில் மாற்கு காட்டும் நிகழ்ச்சியை மீண்டும் நோக்கலாம். சீடரின் முதல் அச்சத்திற்குக் கடல் களனாகிறது. ஊறு விளைக்கும் பேராற்றல் என்ற நிலையில் அதனை அணங்கின்பாற்படுத்தலாம். கடல் அடங்கியதும் அவர்கள் மருட்கை எய்துகின்றனர். இதற்குமுன் காணாத புதுமை, தம் அறிவிற்கு அடங்காத பெருமை என்னும் இரண்டு களன்கள் அங்கு ஒருங்கே அமைகின்றன. அம்மருட்கையின் வழியே அவர்களது அச்சம் அணங்கிலிருந்து இறைக்கு இடம் பெயர்கிறது. அச்சம் தீரவில்லை, அதன் நிலைக்களன் மாறியது. இயேசுவை நம்புதல் என்பது இந்நிகழ்ச்சியைப் பொறுத்தவரை இந்தக் களமாற்றமே என்பது இக்கட்டுரையின் துணிபு. படகை விட்டு ஓட நினைத்தவர்கள், தாம் இப்போது அஞ்சுகின்றவரோடு அதே படகில் அக்கரைக்குச் செல்கின்றனர்.

அஞ்ச வேண்டியவற்றை அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என்று திருக்குறள் கூறுவதும் அச்சத்தை அறிவின் பகுதியாகக் கொள்ளும் தமிழ்ச் சிந்தனைக்குச் சான்றாகும். மெய்ப்பாட்டியல் செய்யுளில் புறத்தே புலப்படும் உணர்வுகளை வகைப்படுத்தும் இலக்கணமே அன்றி இறையியல் நூலன்று என்பதையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். அதனைக் கொண்டு விவிலியத்தின் இறையியலை நிறுவ இயலாது. ஓர் இலக்கியப் பகுதியில் உணர்வு எங்கிருந்து எங்கு நகர்கிறது என்பதை நுட்பமாக அளந்தறிய அது உதவும்.

கல்லும் படகும்: ஓர் ஒப்பீடு

கடலில் நேரும் ஆபத்தையும் இறைநம்பிக்கையையும் இணைத்துப் பேசும் நிகழ்ச்சி தமிழ்ப் பத்தி மரபிலும் உண்டு. கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட திருநாவுக்கரசர் நமச்சிவாயப் பதிகம் பாடி, அக்கல்லே தெப்பமாகக் கரையேறிய வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. நீற்றறை, நஞ்சு, யானை ஆகிய இடர்களும் அவ்வாறே கடக்கப்படுகின்றன. இவ்விடங்களில் நாவுக்கரசரிடம் அச்சம் சிறிதும் தோன்றுவதில்லை. அஞ்சத்தக்கது எதுவும் இல்லை என்ற உறுதியே அவர் குரல். மெய்ப்பாட்டியல் நோக்கில் இது பெருமிதத்தின்பாற்படும். பெருமிதத்தின் களன்களுள் ஒன்றாகிய தறுகண் இங்கு அடியவரின் பண்பாக உயர்கிறது.

மாற்கின் சீடர்களிடம் அப்பெருமிதம் இல்லை. அவர்கள் தடுமாறுகின்றனர், குறைபட்டுக்கொள்கின்றனர், இறுதியிலும் நடுங்குகின்றனர். இதனைக் கொண்டு ஒரு மரபை உயர்ந்தது என்றும் மற்றதைத் தாழ்ந்தது என்றும் கூறுவது திறனாய்வாகாது. நாவுக்கரசர் வரலாறு முதிர்ந்த அடியவரின் நிலையைக் காட்டுகிறது. நற்செய்திப் பகுதி அடியவராகத் தொடங்குபவரின் நிலையைக் காட்டுகிறது. முன்னது அச்சத்தைக் கடந்தவரின் மொழி. பின்னது அச்சத்தினின்றே இறைவனை அழைப்பவரின் மொழி. பின்னதை முன்னதன் அளவுகோலால் அளந்ததே தமிழ்க் கிறித்தவ இலக்கியத் திறனாய்வில் நேர்ந்த பிழை எனலாம்.

இயேசுவிடமே அச்சம் வெளிப்படும் இடம் ஒன்றையும் மாற்கு மறைக்கவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் அவர் திகிலும் துயரும் அடைந்தார் என்றே எழுதுகிறார் (14:33). தந்தையை அழைத்து வேண்டும் முழுமையான நம்பிக்கையும் அத்திகிலும் ஒரே இரவில், ஒருவரிடத்திலேயே நிகழ்கின்றன. நம்பிக்கை உள்ள இடத்தில் அச்சம் இருக்கலாகாது என்னும் கருத்திற்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை. மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் மாற்கு நற்செய்தி, கல்லறையினின்று ஓடிய பெண்களின் நடுக்கத்தோடும் அச்சத்தோடுமே நிறைவுறுகிறது (16:8) என்பதும் நோக்கத்தக்கது.

ஆற்றில் அமிழும் பயணி

இப்பின்னணியில் இரட்சணிய யாத்திரிகத்தை நோக்குவோம். எச்.ஏ. கிருட்டிண பிள்ளை (1827-1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறித்தவம் தழுவியவர். திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிலும் தமிழ் கற்பித்தவர். சான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களில் அமைந்த இக்காப்பியம் கம்பரின் சொல்வளத்தையும் விருத்த ஓட்டத்தையும் உள்வாங்கியது. அதனாலேயே அவர் கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்படுகிறார்.

பனியன் வகுத்த கதை அச்சத்தின் வழியாகவே நடக்கிறது. அழிவு நகரை விட்டுப் பயணி புறப்படக் காரணமே வரப்போகும் அழிவு பற்றிய அச்சம்தான். வழியில் சங்கிலியால் பிணிக்கப்பட்ட சிங்கங்கள், சாவின் நிழல் படிந்த பள்ளத்தாக்கு, நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் கோட்டை என அஞ்சத்தக்க இடங்கள் தொடர்கின்றன. இறுதியில் பாலமில்லாத ஆறு. அது சாவின் உருவகம். நகரத்து அரசரை நம்பும் அளவிற்கேற்ப ஆறு ஆழமாகவோ ஆழமற்றதாகவோ தோன்றும் என்று அங்கே பயணிக்குச் சொல்லப்படுகிறது. இக்கூற்று மேலோட்டமாக நோக்கினால் நாம் மறுக்கும் வாய்பாட்டையே வலியுறுத்துவது போலத் தோன்றும்.

ஆனால் கதை அக்கூற்றோடு நிற்பதில்லை. இத்தனை தூரம் நடந்து வந்த தலைமைப் பயணியே ஆற்றில் அமிழ்ந்து பேரிருளில் அஞ்சுகிறான். உடன்வரும் நம்பிக்கை என்னும் தோழனே அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கிறான். அதே ஆற்றை அறியாமை என்பவன் வீண்நம்பிக்கை என்னும் படகோட்டியின் துணையால் எவ்வித இடருமின்றிக் கடந்துவிடுகிறான். ஆயினும் நகர வாயிலில் தள்ளப்படுபவன் அவனே. அஞ்சி அமிழ்ந்தவன் உள்ளே செல்கிறான். அஞ்சாமல் கடந்தவன் வெளியே நிறுத்தப்படுகிறான். அச்சமின்மையை நம்பிக்கைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதை இதனினும் தெளிவாக உருவகிக்க இயலாது. நீர்மேல் நடக்க முயன்று அமிழத் தொடங்கிய பேதுருவை இயேசு கைநீட்டிப் பிடித்த நிகழ்ச்சியும் (மத்தேயு 14:28-31) இங்கு இணைத்து எண்ணத்தக்கது. அமிழாதிருத்தலைக் காட்டிலும் அமிழும்போது பற்றப்படுதலே இரண்டிடத்தும் முதன்மை பெறுகிறது.

இக்கதைப்போக்கைத் தமிழாக்கிய கிருட்டிண பிள்ளை இரண்டு மாற்றங்களைச் செய்தார். இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடிக் குமார பருவத்தில் இணைத்தது ஒன்று. பனியனின் கதையில் இப்பகுதி தனிக் கதையாக இல்லை. பயணி தன் அச்சங்களை எதிர்கொள்ளுமுன்பே, துன்புறும் தலைவனைத் தமிழ் வாசகர் கண்டுவிடுகின்றனர். எனவே பின்வரும் இடர்களில் பயணி அழைப்பது தொலைவில் வீற்றிருக்கும் அரசனை மட்டுமன்று; சாவின் கொடுமையைத் தானும் அறிந்த ஒருவரை. இறை என்ற அச்சக்களன் இங்கு அன்பின் களனாகவும் மாறுகிறது.

காப்பிய ஓட்டத்தின் இடையே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாக்களை அமைத்தது மற்றொன்று. விருத்தத்தில் கதை படர்க்கையில் நடக்கிறது. தேவாரப் பகுதிகளிலோ தன்மைக் குரல் எழுகிறது. அக்குரலில் பயணி, கவிஞர், பாடும் அடியவர் ஆகிய மூவரும் ஒன்றாகின்றனர். சைவ நாயன்மாரிடமிருந்து வடிவத்தைப் பெற்ற கிருட்டிண பிள்ளை, அவ்வடிவத்தில் தறுகண் பெருமிதத்தை மட்டும் நிரப்பவில்லை. தன் தகுதியின்மையை எண்ணி உருகும் குரலுக்கும் அதில் இடம் தந்தார். அவ்வுருக்கம் நாயன்மார் பாடல்களிலும் உள்ளதே. ஆதலின் மரபிலிருந்து அவர் விலகினார் என்பதைவிட, மரபின் ஒரு பகுதியைத் தேர்ந்து முன்னிறுத்தினார் என்பதே பொருந்தும். காப்பியத்தை மொழிநடைக்காகவும் கம்பர் தாக்கத்திற்காகவும் மட்டும் பயில்வோர் இவ்வுணர்வுப் போக்கைக் காணத் தவறுகின்றனர்.

புயல் அடங்காத கடல்

இதுவரை கண்டவை ஆபத்தினின்று மீட்பு கிடைத்த கதைகள். மீட்பு கிடைக்காதபோது இக்களமாற்றம் என்னவாகும் என்ற வினாவைத் திறனாய்வு தவிர்க்கலாகாது. இங்கு ஆர்.என். ஜோ டி குருஸ் எழுதி 2004இல் வெளிவந்த ஆழி சூழ் உலகு என்னும் புதினம் துணைபுரிகிறது. பதினாறாம் நூற்றாண்டிலேயே கிறித்தவம் தழுவிய முத்துக்குளித்துறைப் பரதவர் வாழ்க்கையை அவர்தம் மொழியிலேயே சொல்லும் படைப்பு அது. கடலில் கலம் இழந்து மிதக்கும் மூவரின் நிலை புதினத்தின் ஊடே வந்துவந்து செல்கிறது. அவர்கள் பெயர்களே திருமுழுக்கின் வழிவந்தவை. ஒருவன் பெயர் சிலுவை.

அவர்களுக்காகக் காற்று அடங்கவில்லை. கடல் அமைதி கொள்ளவில்லை. நற்செய்திப் பகுதியின் ஒரு பாதி மட்டுமே அங்கு நிகழ்கிறது. எனினும் மூத்தோர் தம் உயிரினும் இளையவன் உயிரைப் பெரிதாக எண்ணும் நிலை அக்கடலிலேயே உருவாகிறது. தன்னுயிரைப் பற்றிய அச்சம் பிறனுயிரைப் பற்றிய அக்கறையாக மாறும் இவ்விடத்தை, அச்சத்தின் களமாற்றத்திற்கு மற்றொரு சான்றாகக் கொள்ளலாம். மாற்கில் அச்சம் கடலிலிருந்து இறைக்குப் பெயர்ந்தது. இங்கு அது தன்னிலிருந்து பிறர்க்குப் பெயர்கிறது. புதினம் இதனை இறையியலாக விளக்க முற்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. விளக்காமையே அதன் வலிமை.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. கிறித்து பிறப்பு விழாவிற்கு மறுநாள் அது. வேளாங்கண்ணியில் திருப்பயணிகளும் மாண்டனர். அத்தகைய பேரிழப்பைக் கண்ட மக்கள் முன் புயல் அடங்கிய பகுதியை எவ்வாறு விளக்குவது? அஞ்சியவர்க்கு நம்பிக்கை இல்லை என்ற வாய்பாட்டை அங்கு உரைத்தால், மாண்டவர்மீதும் பிழைத்தவர்மீதும் பழியேற்றுவதாகவே அது முடியும். ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பும் ஒரு பகுதியின் விளக்கமும் எத்தகைய விளைவைத் தரவல்லன என்பதற்கு இதுவே சான்று. கடலை அறிந்த மீனவர் கடலை அஞ்சுவது அவர் நம்பிக்கையின் குறைபாடாகாது. பேதுருவும் அந்திரேயாவும் அவ்வாறே அஞ்சினர். அவர்கள் அஞ்சிய படகில்தான் இயேசுவும் இருந்தார்.

முடிவுரை

புயல் அடங்கிய நிகழ்ச்சியில் மாற்கு இரண்டு அச்சங்களை வேறுபடுத்திக் காட்டுகிறார். முதலாவது கடியப்படுகிறது, இரண்டாவது கடியப்படவில்லை. தமிழ் மொழிபெயர்ப்புகளில் ஒரே அடிச்சொல் இரண்டிற்கும் வழங்கியமையால் இவ்வேறுபாடு மறைந்தது. அச்சத்தின் களன்களுள் இறையையும் அடக்கிய தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், மருட்கையையும் உடன்கொண்டு நோக்கும்போது, மறைந்த அவ்வேறுபாட்டை மீட்டுத் தருகிறது. அதன்படி இயேசுவின்பால் கொள்ளும் நம்பிக்கை அச்சத்தின் இன்மையாக அன்றி அச்சத்தின் களமாற்றமாக விளங்குகிறது. இரட்சணிய யாத்திரிகத்தின் கதையடிப்படையில் அஞ்சி அமிழ்பவனே கரையேறுவதும், ஆழி சூழ் உலகில் தன்னுயிர் அச்சம் பிறர்பால் அக்கறையாவதும் இக்கருத்தை அரண்செய்கின்றன.

வேதநாயக சாத்திரியாரின் படைப்புகள், கடலோரச் சிற்றூர்களில் வழங்கும் மரணச் சடங்குப் பாடல்கள் ஆகியவற்றையும் இந்நோக்கில் ஆராய இடமுண்டு. வருங்கால மொழிபெயர்ப்பாளர் மாற்கு 4:40இல் அச்சம் என்பதற்கு ஈடாகக் கோழைமை, உளத்தளர்ச்சி போன்ற சொற்களையும், அடுத்த வசனத்தில் பேரச்சம் என்பதையும் ஆள எண்ணிப் பார்க்கலாம்.

வகுப்பில் எழுந்த வினாவிற்கு இப்போது விடை கூறலாம். புயல் அடங்கிய பின் சீடர்கள் மிகுதியாக அஞ்சியது, தாம் அதுவரை யாரோடு பயணம் செய்தோம் என்பதை அப்போதுதான் உணர்ந்தமையால். அவ்வுணர்விற்குப் பிறகும் அவர்கள் படகை விட்டு இறங்கவில்லை.